இலையை விடுங்கள், காயைப் பாருங்கள்: கொல்லைக் கீரைகளைப் பிரித்தறிவது எப்படி?

ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்தால் போதும். எங்கள் கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் யாரும் விதைக்காத கீரை முழங்கால் உயரத்துக்கு எழுந்து நிற்கும். போன வருடம் அதில் ஒரு கை பறித்துப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "குப்பைக்கீரை, பருப்பு போட்டுக் கடையலாம்" என்றார். அப்புறம் நடுவிலிருந்து இரண்டு செடியை உருவி, "இதை எதுக்குடா சேர்த்துப் பறிச்ச? இது முள்ளுக்கீரை. இளசா இருக்கு, முள்ளு இன்னும் வரல" என்று ஒதுக்கிவைத்தார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. அதே பச்சை, அதே நீளக் காம்பு, அதே முட்டை வடிவ இலை. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "பார்த்தா தெரியலையா?" என்றார்.

ஐம்பது வருடம் கீரை ஆய்ந்த கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் செடியில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஒரு கைலென்ஸும் (பத்து மடங்கு பெரிதாக்குவது போதும்) ஒரு வெள்ளைத்தாளும் இருந்தால் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை என்று நாம் சொல்லும் எல்லாமே 'அமராந்தஸ்' என்ற ஒரே பேரினத்துக்குள் வருபவை. ஆனால் நம் பெயர்கள் செடியைப் பார்த்து வைத்தவை அல்ல, பெரும்பாலும் நாம் அதை என்ன செய்கிறோம் என்பதை வைத்து வந்தவை. வேரோடு பிடுங்காமல் அறுத்து அறுத்து எடுப்பதால் அது அறுகீரை, பேச்சில் அரைக்கீரை என்பார்கள். விதைத்த மூன்று நான்கு வாரத்தில் இளசாகப் பிடுங்கினால் முளைக்கீரை. அதே பாத்தியை விட்டுவைத்துத் தண்டு தடித்த பிறகு வெட்டினால் தண்டுக்கீரை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 என்ற இரண்டு கீரை ரகங்களையும் விவசாயிகள் முளைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் விதைக்கிறார்கள். தாவரவியல்படி கோ 1 அமராந்தஸ் டூபியஸ், கோ 2 அமராந்தஸ் ட்ரைகலர். அதாவது சமையலறையில் ஒரே பெயர், செடியோ இரண்டு வேறு இனம். இதற்கு நேர்மாறாக, பச்சைத் தண்டுக்கீரையும் இரத்தச் சிவப்பான தண்டுக்கீரையும் கடையில் இரண்டு பெயரில் கிடக்கும். பல சமயம் இரண்டுமே ட்ரைகலர்தான்.

இதில் யார் பெயர் சரி என்ற சண்டை வேண்டாம். கடைக்குப் போனால் நம் பெயர்தான் உதவும். ஆனால் "இந்தச் செடியும் அந்தச் செடியும் ஒன்றா?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

அந்தக் கேள்விக்கு, ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753இல் உறுதிப்படுத்திய இருசொல் பெயர்முறை உதவுகிறது. பலரும் இதைப் பார்த்து மிரள்வார்கள். நமக்கு இது ஏற்கெனவே பழகிய முறைதான். நாம் பெயர் எழுதும்போது அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம், தன் பெயர் பின்னால் வருகிறது. அமராந்தஸ் ஸ்பைனோசஸ் என்பதும் அப்படியே. முதற்சொல் பேரினம், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது. இரண்டாவது சொல் அந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று சொல்கிறது. 'ஸ்பைனோசஸ்' என்றால் முள் உடையது, நம் முள்ளுக்கீரை. 'விரிடிஸ்' என்றால் பச்சை, நம் குப்பைக்கீரை. இந்த வீட்டில் உலகம் முழுக்க ஏறக்குறைய எழுபது பிள்ளைகள் உண்டு. நல்லவேளை, நம் கொல்லையிலும் வரப்பிலும் பார்ப்பது நாலைந்துதான்.

சரி, இலையை வைத்துப் பிரித்தால் என்ன? எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், நானும் அங்கேதான் ஏமாந்தேன். எருக்குழி ஓரம் முளைத்த குப்பைக்கீரையின் இலை உள்ளங்கை அகலம் இருக்கும். அதன் விதையே பத்தடி தள்ளிச் செங்கல் இடுக்கில் விழுந்தால் இலை கட்டைவிரல் நகமளவுதான் வரும். நிழலில் வளர்ந்தால் வெளிர்ந்து மெலிந்திருக்கும், வெயிலில் காய்ந்தால் சிறுத்துத் தடிக்கும். ஒரே செடியில்கூட அடி இலையும் நுனி இலையும் வடிவத்தில் வேறுபடும். இலை நடுவில் வெள்ளையாக அம்புமுனை போல ஒரு திட்டு சில செடிகளில் இருக்கும், அதே இனத்தின் அடுத்த செடியில் இருக்காது.

நிறமும் அப்படித்தான். கீரைச் சிவப்புக்குக் காரணம் பீட்டாலைன் என்ற நிறமி வகை. பீட்ரூட்டை வெட்டினால் கையில் ஒட்டுவதும் இதே வகைதான். இது தற்செயல் இல்லை. பீட்ரூட்டும் பாலக்கீரையும் அமராந்தஸும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே குடும்பம். ஆனால் ஒரே இனத்துக்குள் சிவப்புச் செடியும் பச்சைச் செடியும் சகஜம் என்பதால், இனம் பிரிக்கச் சிவப்பு உதவாது. செம்பருத்தியில் வெள்ளைப் பூ பூத்தால் அது வேறு இனமாகிவிடாது அல்லவா, அதுபோல.

மண்ணும் நீரும் இலையை எளிதில் மாற்றிவிடும். பூவையும் காயையும் அவ்வளவு மாற்றுவதில்லை. பட்டினி கிடந்த விரற்கடைச் செடியிலும் சரி, எருவில் கொழுத்த இடுப்பளவுச் செடியிலும் சரி, பூவில் இதழ் எத்தனை, காய் எப்படித் திறக்கிறது என்பவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வகைப்பாட்டியலார் இலையைத் தாண்டிப் பூவுக்கும் காய்க்கும் போவது இதனால்தான். கீரையை நாம் பூக்கும் முன்பே பறித்துத் தின்றுவிடுகிறோம், அதனால் அதன் பூவை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. ஆகவே முதல் வேலை, கொல்லையில் ஒவ்வொன்றிலும் ஒரு செடியைப் பறிக்காமல் விட்டுவையுங்கள். பூத்துக் காய்க்கட்டும்.

காய்த்த செடி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது அமராந்தஸ் வீட்டைச் சேர்ந்ததுதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். தண்டில் இலைகள் மாறி மாறி, ஒரு கணுவுக்கு ஒன்றாக ஒட்டியிருந்தால் மேலே போகலாம். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருந்தால் அது பொன்னாங்கண்ணியாகவோ நாயுருவியாகவோ இருக்கலாம். அவை அதே குடும்பம், ஆனால் வேறு வீடு, அதாவது வேறு பேரினம். நாயுருவியில் காய் கதிரோடு ஒட்டிக் கீழ்நோக்கி மடங்கியிருக்கும், வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். இலை மாறி மாறி இருந்தும் ஏமாற்றுபவை இரண்டு. தொய்யக்கீரையின் பூ இளஞ்சிவப்பு, நீண்ட மெல்லிய கதிரில் இடைவெளி விட்டு விட்டு அமர்ந்திருக்கும். பண்ணைக்கீரையின் கதிர் வெள்ளியும் ரோஜா நிறமும் கலந்து பளபளக்கும், அதன் காயைப் பிரித்தால் பல விதை இருக்கும். அமராந்தஸ் காய்க்குள் ஒரே ஒரு விதை.

அடுத்து முள். இலைக்காம்பு தண்டில் சேரும் மூலையைப் பாருங்கள். ஒரு ஜோடி நேரான கூர்முள் இருந்தால் பாதி வேலை முடிந்தது, அது முள்ளுக்கீரை. வளர்ந்த செடியில் முள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். அது இல்லை என்பதற்காக முள்ளுக்கீரை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நாற்றுப் பருவத்தில் முள் இராது. பெரியம்மா என் கையிலிருந்து உருவியது அப்படிப்பட்ட நாற்றைத்தான்.

மூன்றாவதாக, பூ எங்கே இருக்கிறது? சில இனங்களில் தண்டு நுனியில் கதிராக நீளும். சிலவற்றில் ஒவ்வொரு இலையடியிலும் உருண்டையாகத் திரளும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இப்போது காய்க்கு வருவோம், இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். பழுத்து மங்கிய கதிரில் ஒரு சிட்டிகை கிள்ளி வெள்ளைத்தாளில் போட்டு விரலால் மெல்லத் தேயுங்கள். பிறகு வாயால் லேசாக ஊதுங்கள், சருகு பறந்துவிடும். தாளில் எஞ்சுவது என்ன? கடுகைவிடச் சிறிய, மினுமினுக்கும் கருப்பு விதைகள் வெறுமனே உருண்டால், காய் தானே திறந்து விதையை விட்டிருக்கிறது. அதைக் காட்டும் சாட்சியும் அங்கேயே கிடக்கும். குங்குமச் சிமிழின் மூடி மாதிரி, நடுவில் வட்டமாக அறுபட்டுக் கழன்ற மேல்பாதி. லென்ஸில் பார்த்தால் அந்த மூடி அவ்வளவு ஒழுங்காக இருக்கும், யாரோ கத்தி வைத்துச் சீவியது போல. இன்னும் பழுக்காத காயிலும் நடுவில் சுற்றிவர ஒரு மெல்லிய கோடு தெரியும், பின்னாளில் அங்கேதான் பிளக்கும்.

மாறாக, விதை பழுப்பு நிறச் சுருங்கிய தோலுக்குள் பொதிந்தபடியே தாளில் கிடந்தால், அது திறக்காத காய். மூடியும் இல்லை, கோடும் இல்லை. அழுத்தித் தேய்த்தால்தான் தோல் கிழிந்து விதை வெளியே வரும். குப்பைக்கீரையின் காய் இதுதான். அந்தத் தோலின் மேற்பரப்பு முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக, காய்ந்த மிளகு மாதிரி இருக்கும். என் அனுபவத்தில் குப்பைக்கீரையை அடையாளம் காண இதைவிட உறுதியான வழி இல்லை. இலையில் எத்தனை குழப்பம் இருந்தாலும் இந்தச் சுருக்கத் தோல் கைவிட்டதில்லை.

இதழ் எண்ணுவது கொஞ்சம் பொறுமை வேண்டும் வேலை. அமராந்தஸ் பூவில் அல்லி, புல்லி என்று தனித்தனியாக இல்லை. காகிதம் போன்ற சிறு செதில்கள் ஒரே வட்டமாக நிற்கும், நாம் அதை இதழ் என்றே சொல்வோம். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி, ஆனால் ஒரே செடியில். மூன்று இதழா, ஐந்து இதழா என்பதுதான் கேள்வி. குண்டூசி முனையால் பிரித்துப் பத்துப் பூவாவது எண்ணுங்கள், ஒன்றை மட்டும் எண்ணி நம்பாதீர்கள். பூவுக்கு அடியில் இருக்கும் காவல் செதிலையும் இதழோடு சேர்த்து எண்ணிவிடுவது எல்லோரும் முதலில் செய்யும் தப்பு.

இதெல்லாம் கையில் இருந்தால் கொல்லைச் செடிகள் தானாகப் பிரிந்துகொள்ளும். மூன்று இதழ், திறக்காத சுருக்கக் காய், நுனியில் மெலிந்த பச்சைக் கதிர் என்றால் குப்பைக்கீரை, அமராந்தஸ் விரிடிஸ். மூன்று இதழ், திறக்காத காய், ஆனால் காயின் தோல் ஏறக்குறைய வழவழப்பு, இலை நுனியில் ஆழமாக வெட்டியது போன்ற பள்ளம், தண்டு தரையோடு சாய்ந்து எழுவது என்றால் அமராந்தஸ் பிளிட்டம். குப்பைக்கீரை இலையிலும் நுனியில் லேசான பள்ளம் உண்டு என்பதால் இந்த இரண்டும் அடிக்கடி கலந்துபோகும். அப்போது இலையோடு வாதாடாமல் காயின் தோலைத்தான் பார்க்க வேண்டும். மூன்று இதழ், மூடி கழலும் காய், இலையடியில் உருண்டைத் திரள், அதைத் தொட்டால் விரலில் லேசாகக் குத்துகிறதா? அது ட்ரைகலர். முள் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு இதழின் நுனியும் நீண்ட கூரிழையாக முடிவதுதான் குத்துகிறது. தோட்டத்திலிருந்து விதை சிதறி வேலியோரம் தானாக முளைத்த தண்டுக்கீரையை இப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

ஐந்து இதழ், ஐந்து மகரந்தத்தாள், இலையடியில் ஜோடி முள் என்றால் முள்ளுக்கீரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நுனிக் கதிரின் மேல்பகுதி பெரும்பாலும் ஆண்பூ, கீழே இலையடித் திரள்களில் பெண்பூ. எனவே விதை தேடி நுனியைக் கசக்கினால் வெறும் தூசிதான் வரும், கீழே குனிய வேண்டும். குனிந்தால் முள் குத்தும். இந்தச் செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது என்பது தாவரவியலாரின் கணிப்பு. நம் வரப்பில் அது நடந்துகொள்ளும் உரிமையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஐந்து இதழ், மூடி கழலும் காய், எல்லாம் முள்ளுக்கீரை மாதிரியே, ஆனால் எந்த வயதிலும் முள்ளே வராத செடி ஒன்று இருக்கிறது. முன்னால் சொன்ன கோ 1, அமராந்தஸ் டூபியஸ். இலத்தீனில் 'டூபியஸ்' என்றால் ஐயத்துக்குரியது. பெயர் வைத்தவர்களுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. முள்ளுக்கீரைக்கு 34 குரோமோசோம். தானியத்துக்காக வளர்க்கும் கீரைகளின் உறவான அமராந்தஸ் ஹைப்ரிடஸுக்கு 32. டூபியஸுக்கோ 64, ஏறக்குறைய இரட்டிப்பு. முள்ளுக்கீரையும் ஹைப்ரிடஸ் வகையறாவில் ஒன்றும் எப்போதோ கலந்து, குரோமோசோம் இரட்டித்து உருவான இனமாக இது இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளை முகத்தில் அப்பா ஜாடை இருப்பது போலத்தான் இதன் பூவில் முள்ளுக்கீரை ஜாடை.

இதிலிருந்து வகைப்பாட்டின் ஒரு முக்கியமான குணம் புரியும். 'ஒத்திருப்பது' வேறு, 'உறவு' வேறு. சாரணையும் பருப்புக்கீரையும் தரையில் படர்ந்து சதைப்பிடிப்போடு ஒன்றுபோல இருக்கும், ஆனால் வெவ்வேறு குடும்பம். பீட்ரூட்டும் முள்ளுக்கீரையும் ஒத்திருக்கவே இல்லை, ஒரே குடும்பம். முன்பு பீட்ரூட்டுக்கும் பாலக்கீரைக்கும் தனிக் குடும்பம் வைத்திருந்தார்கள். மரபணு வரிசைகளை ஒப்பிட்ட பிறகு அதை அமராந்தஸ் குடும்பத்தோடு சேர்த்தார்கள். ஆக, செடியை அடையாளம் காண்பது ஒரு வேலை, அதை எந்த உறவில் வைப்பது என்பது இன்னொரு வேலை. லென்ஸோடு நாம் செய்வது முதலாவது மட்டுமே.

இவ்வளவு நுணுக்கம் தேவையா, எல்லாம் தின்னும் கீரைதானே என்று கேட்கலாம். கீரைக்கு அது ஓரளவு நியாயமான கேள்வி. கீழாநெல்லிக்கு வந்தால் நிலைமை மாறும். இந்தியத் தாவர நூல்களில் நெடுங்காலம் கீழாநெல்லியை 'பில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவந்தார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கச் செடி. 1985இல் மித்ரா, ஜெயின் என்ற தாவரவியலார் இருவரும் ஆராய்ந்து, இங்கே அந்தப் பெயரில் வழங்கியவை அமாரஸ், பிரடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். ஆனால் அதற்கு முன் 'நிரூரி' என்று போட்டு எழுதிய கட்டுரைகளில் எந்தச் செடியைக் காய்ச்சிச் சோதித்தார்கள் என்று இன்று யார் சொல்ல முடியும்? செடியின் மாதிரியைப் பாடம் செய்து வைத்திருந்தால் எடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் அந்த உழைப்பு அந்தரத்தில் நிற்கிறது.

அங்கேயும் வழி காய்தான். அமாரஸின் காய் வழவழப்பானது, சின்னக் காம்பில் இலைக்கடியில் தொங்கும். சிவப்புக் கீழாநெல்லி என்று சிலர் சொல்லும் பில்லாந்தஸ் யூரினேரியாவின் காய் காம்பே இல்லாமல் ஒட்டியிருக்கும், மேலே பருப்பருவாக இருக்கும். விதையை லென்ஸில் வைத்தால் அமாரஸில் கோடுகள் நெடுக்காக ஓடும், யூரினேரியாவில் குறுக்காக. மஞ்சள்காமாலைக்கு யாரோ வழியில் பறித்துக் கொடுத்ததை வாங்கி அரைத்துக் குடிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம். காமாலைக்கு முதலில் போக வேண்டியது மருத்துவரிடம் என்பது வேறு விஷயம்.

மாதிரியைப் பாடம் செய்வது பெரிய வித்தை இல்லை. பூவும் காயும் உள்ள செடியை வேரோடு எடுத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் இலை படியும்படி விரித்து, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் இதைத் தவறவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். என் முதல் குப்பைக்கீரை அப்படித்தான் கருகிப்போனது. ஓரத்தில் தேதி, இடம், மண், செடியின் உயரம், பூவின் நிறம் எல்லாம் எழுதுங்கள். காய்ந்த பிறகு நிறம் போய்விடும், எழுதிவைத்தது மட்டும்தான் மிஞ்சும். இப்படிச் சேர்ந்த தாள்கள்தான் உலர்தாவரத் தொகுப்பு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் தொகுப்பும், கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தில் உள்ள தொகுப்பும் அப்படி வளர்ந்தவையே.

கைபேசியில் படம் எடுத்து யாரிடமாவது கேட்பதாக இருந்தாலும், முழுச்செடிப் படம் ஒன்று மட்டும் அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவர் ஊகிக்கத்தான் முடியும். இலையடி மூலை, பூத்திரள், தேய்த்த காயும் விதையும் வெள்ளைத்தாளில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். இந்த மூன்றும் இருந்தால் பதில் உறுதியாக வரும். செயலிகளும் அப்படித்தான், இலைப்படத்தைக் காட்டினால் அவையும் நம்மைப் போலவே ஏமாறும்.

சாப்பிடுவது பற்றி ஒன்றே ஒன்று. அமராந்தஸ் செடிகள் மண்ணிலுள்ள நைட்ரேட்டையும் கன உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்த்துவைப்பவை. அதனால் சாக்கடை ஓரம், பட்டறைப் பக்கம், களைக்கொல்லி அடித்த வயல் இங்கெல்லாம் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் தொட வேண்டாம். இனம் சரியாகத் தெரிந்தும் இடம் தவறென்றால் பயன் இல்லை.

இந்த வருடம் கொல்லையில் ஐந்து செடியைக் காய்க்க விட்டேன். கார்த்திகையில் கதிரைக் கிள்ளித் தாளில் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். லென்ஸைக் கொடுத்தேன். கழன்று கிடந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அட, சிமிழாட்டம்ல இருக்கு" என்றார். பக்கத்தில் தோலோடு கிடந்த விதையைக் காட்டி இது எது என்று கேட்டேன். லென்ஸை வைக்கவே இல்லை. "குப்பைக்கீரை" என்றார். "இதைக் கசக்கி விதைச்சா சீக்கிரம் முளைக்காதுடா, தோலை விடாது."